நான்கெல்லைக்கு மத்தியில் ஓர் இடம்

என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி என் அப்பா இரண்டு மனுக்கள் போட்டார். முதல் மனுவின் நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் எடுத்துப் படித்துக் காட்டுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டாவது மனுவின் நகலை நான்தான் கிழித்து அடுப்பில் போட்டேன். அதைப் படித்துக் காட்டிச் சிரிக்க வைக்க எனக்குத் தெம்பில்லை.

வலங்கைமானுக்குக் கிழக்கே ஆற்றோரத்தில் எங்கள் ஊர். அப்பா பண்ணையாரின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் அதே நிலத்தில்தான் உழுதார். உழுதவர்கள் இவர்கள், கணக்கில் இருந்த பெயர் வேறு. அந்தக் காலத்தில் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குத்தகைக்காரர் மனு போட்டால் விசாரித்துத் தாலுக்கா பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றுவார்கள். ஏறிவிட்டால் பண்ணையார் நினைத்த நேரத்தில் நிலத்தைப் பிடுங்க முடியாது. ஊருக்கு ஊர் மைக் கட்டி இதைச் சொன்னார்கள். சொன்னவர்களில் சிலர் மேடையிலிருந்து இறங்கி நேரே பண்ணையார் வீட்டுக் காப்பிக்குப் போனதும் உண்டு. அப்பா அதையெல்லாம் பார்க்கவில்லை. மனு போட்டார். பண்ணையார் எதிர்மனு போட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சோற்றுப் பானைக்கு அடுத்த மரியாதை காகிதக் கட்டுக்குத்தான்.

'பேர் ஏறணும்' என்பதுதான் அப்பாவின் ஒரே பேச்சு. காலையில் மாட்டை அவிழ்க்கும்போதும் அதைச் சொல்வார், கை கழுவும்போதும் அதைச் சொல்வார். அடுத்த பேச்சு, 'அசலைக் கையைவிட்டுக் கொடுக்கக் கூடாது' என்பது. யாரோ ஒரு குத்தகைக்காரர் அசல் ரசீதுகளைக் காரியஸ்தரிடம் பார்க்கக் கொடுத்தாராம், அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாராம். இந்தக் கதையை அப்பா எனக்குத் தாலாட்டுக்குப் பதிலாகச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், இரண்டு மைல் தள்ளியிருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியிலிருந்து இரண்டு டீச்சர்கள் குடை பிடித்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் ஐந்தாவதோடு பெண்களை நிறுத்திவிடுவார்கள். ஆள் குறைந்தால் பள்ளியில் ஒரு டீச்சர் வேலை போய்விடும். அதனால் வெயிலில் வீடு வீடாக ஏறி, பாஸான பெண்களின் டி.சி.யைக் கையோடு வாங்கிப் போவார்கள். அம்மா மோர் கொடுத்தாள். அப்பா டி.சி.யைக் கொடுக்கவில்லை.

"நகல் எடுத்து, கர்ணம்கிட்ட கையெழுத்து வாங்கித் தர்றேன். அசல் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

"ஐயா, இது டி.சி. அசல் இருந்தாத்தான் சேர்க்க முடியும்."

"அப்ப ரசீது குடுங்க. ஸ்டாம்பு ஒட்டி."

அந்த டீச்சர்கள் எத்தனையோ வீடு ஏறியவர்கள். புருஷன் அடிப்பான், மாமியார் திட்டுவாள், நாய் துரத்தும், எல்லாம் பார்த்திருப்பார்கள். ஸ்டாம்பு கேட்ட வீடு எங்களுடையதுதான் முதல். மோர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அங்கிருந்து அவர்கள் வாய்க்கால் தாண்டித் தெற்கே சேரிக்குப் போனார்கள். அங்கே ஒரு பெண் என்னோடு ஐந்தாவது படித்தாள். அவளுடைய அம்மா எங்கள் வயலுக்கு நடவுக்கு வருபவள். கூரையில் செருகி வைத்திருந்த டி.சி.யை எடுத்து, தூசி தட்டி, ஒரு பேச்சுப் பேசாமல் டீச்சர் கையில் கொடுத்துவிட்டாளாம். அப்பாவுக்கு அதைக் கேட்டபோது பரிதாபமாக இருந்தது. "பாவம், வெவரம் தெரியாத சனம்" என்றார்.

பள்ளி திறந்த அன்று அப்பா டி.சி.யைக் குத்தகைக் காகிதங்களோடு சேர்த்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு என்னை அழைத்துப் போனார். தலைமை ஆசிரியை தரங்கம்பாடிப் பக்கத்து அம்மா. யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அதனாலேயே எல்லாருக்கும் பயந்தவர்.

"நாப்பது பேர் நெறஞ்சுபோச்சுங்க. இனிமே ஒரு பேர் எழுதணும்னாலும் தாளாளரத்தான் கேக்கணும்" என்றார்.

தாளாளர் யார் என்று அப்பா கேட்கவில்லை. சுவரில் மாலை போட்டிருந்த படம் பண்ணையாரின் அப்பாவுடையது. பள்ளிக்கூடம் கட்டியவர் அவர். மகன் நிலத்துக்கும் சொந்தக்காரர், பள்ளிக்கூடத்துக்கும் தாளாளர். நாங்கள் வீடு திரும்புவதற்குள் செய்தி பண்ணையார் வீட்டுக்குப் போய், அவருடைய காரியஸ்தர் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். இறங்கக்கூட இல்லை.

"தாசில்தார்கிட்ட போட்ட மனுவ வாபஸ் வாங்கிக்க. பொண்ணுக்கு எடம் தானா வரும். ஐயா ஒண்ணும் கல்நெஞ்சக்காரர் இல்ல."

காரியஸ்தர் போன பிறகு அம்மாதான் பேசினாள். "நெலத்த விடச் சொல்லல. ஆனா பள்ளிக்கூடம் இல்லேன்னா இவளை வீட்ல வச்சு அழகு பாக்க முடியாது. நாளைலேருந்து என்னோட நடவுக்கு எறங்கட்டும்." கோபத்தில் சொன்னதல்ல. எங்கள் ஊரில் படிப்பு நின்ற பெண்கள் எல்லாரும் அடுத்த வாரமே வயலில் இருப்பார்கள். எனக்குச் சேறு பிடிக்காது, அட்டை பிடிக்காது, குனிந்தே நிற்பது பிடிக்காது. சாப்பிடாமல் அழுதேன்.

அப்பா யோசித்தார். அவருக்குத் தெரிந்த உலகம் ஒன்றுதான். அந்த உலகத்தில் காகிதம் பின்னால் வரும். முதலில் வரப்புக்குள் கால் இருக்க வேண்டும். வயலில் யார் ஏர் நிற்கிறதோ அவனைக் கேட்காமல் தாசில்தாரே ஒன்றும் செய்ய முடியாது. அதை அப்படியே தூக்கிப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்.

"நாளைக்குப் போயி உள்ளாற உக்காரு. எழுந்திரின்னாலும் எழுந்திரிக்காத. அனுபவம் நம்மகிட்ட இருந்தா கேஸு நம்ம பக்கம்."

பதினோரு வயதில் ஒரு நிலத்தை ஆக்கிரமிக்க அனுப்பப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதல் நாள் வகுப்பு டீச்சர் வெளியே போகச் சொன்னார். போய் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். இரண்டாம் நாள் தண்ணீர்ப் பானையை நிரப்பி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் பானையையும் நிரப்பி, கரும்பலகையையும் துடைத்தேன். வேலை செய்பவளை விரட்ட யாருக்கும் மனம் வராது. ஒரு வாரத்தில், பானைக்குப் பக்கத்தில் என் இடம் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் பரம்பரையாக நிலம் பிடித்ததும் இப்படித்தான்.

இனி மனு. தாலுக்கா கச்சேரிக்கு எதிரே புங்கமரத்தடியில் சாய்வு மேசை போட்டு ஒரு மனு எழுதுபவர் உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷமாக அவர் எழுதியதெல்லாம் குத்தகை மனு, வெளியேற்ற மனு, வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு. அப்பாவுக்கு அவரைவிட்டால் ஆள் தெரியாது. நானும் போயிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "சொத்து எங்க இருக்கு?" என்று கேட்டார். அப்பா விவரத்தைச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். நிற்கவே இல்லை.

அந்த மனு இப்படி ஆரம்பிக்கிறது: 'மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, அடியிற்கண்ட மனுதாரர் தாழ்மையுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்.' இதுவரை பழுதில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கை பழக்கத்தில் ஓடிவிட்டது. 'ஜன்னலுக்கு மேற்கு, கரும்பலகைக்குக் கிழக்கு, வாசற்படிக்கு வடக்கு, தண்ணீர்ப் பானைக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்கு மத்தியில் ஒன்றரை முழத்துக்கு ஒன்றரை முழம் கொண்ட தரையில் மனுதாரரின் மகள் பள்ளி திறந்த நாள் முதல் எவ்வித இடையூறுமின்றி அமர்ந்து, தன் சொந்த உழைப்பில் பாடங்களைச் சாகுபடி செய்து, நேரடி அனுபவத்தில் இருந்து வருகிறாள்.' எதிர்மனுதாரர் என்று தலைமை ஆசிரியையைப் போட்டிருந்தார். 'மேற்படி சிறுமியை மேற்படி இடத்திலிருந்து வெளியேற்ற எதிர்மனுதாரருக்கு எவ்விதப் பாத்தியதையும் கிடையாது' என்று முடித்திருந்தார். கடைசியில் 'வில்லங்கம் ஏதுமில்லை' என்றும் ஒரு வரி.

அப்பா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். கண் கலங்கிவிட்டது. "இதுக்கு மேல ஒருத்தன் என்ன எழுதிட முடியும்" என்றார்.

நகல்கள் கலெக்டருக்கு, மந்திரிக்கு, முதலமைச்சருக்கு, பொதுப்பணித் துறைப் பொறியாளருக்கு. பொறியாளருக்கு எதற்கு என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார் எழுதுபவர். வழக்கமாக அவர் மனுக்களில் தண்ணீர் சம்பந்தப்பட்டிருக்கும். இதிலும் ஒரு பானை இருந்தது.

சிபாரிசும் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஆளுங்கட்சியின் கரைவேட்டிக்காரர் ஒருவரிடம் அப்பா போனார். அவர் கட்சித் தலைப்பிட்ட தாளில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். குறிஞ்சி மலர், குலக்கொழுந்து, கலையாத கனவு, கல்வி என்னும் கரும்பு என்று ஒரு பக்கம் முழுக்க அடுக்கியிருந்தார். எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, யாருடைய மகள் என்பது மட்டும் இல்லை. அதைக் கேட்டதற்கு, "உணர்ச்சிதாம்ப்பா முக்கியம்" என்றார். செங்கொடிச் சங்கத்துத் தோழரிடம் போனபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது தனி மனிதப் பிரச்சினை இல்ல, வர்க்கப் பிரச்சினை. மாநாட்டுல தீர்மானமா கொண்டுவருவோம்" என்றார். மாநாடு தை மாதத்துக்குப் பிறகு. அதுவரை நான் பானைக்குத் தெற்கிலேயே இருக்க வேண்டியதுதான்.

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அட்டை வந்தது. 'தங்கள் மனு கிடைத்தது' என்று அதில் இருந்தது. அப்பா அதையும் காகிதக் கட்டோடு சேர்த்துக் கட்டி வைத்தார். ஆடி போய் ஆவணி வந்தது. வேறொன்றும் வரவில்லை.

தினமும் காலையில் டீச்சர் ஆஜர் எடுப்பார். 'பிரசண்ட் டீச்சர்' போய் 'உள்ளேன் அம்மா' வந்திருந்த காலம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஒவ்வொருத்தியும் எழுந்து 'உள்ளேன் அம்மா' என்பாள். என் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். நாள் முழுக்க அங்கேதான் இருக்கிறேன், கணக்குப் போடுகிறேன், தப்பு செய்தால் காதைத் திருகுகிறார்கள், ஆனால் அந்தப் பத்து நிமிஷம் நான் இல்லாதவள். அது என்னமோ செய்யும். அதைவிட வேடிக்கை, இல்லாதவர்களை டீச்சர் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வந்ததாகத் தானே புள்ளி வைத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார். என் ஐந்தாம் வகுப்புத் தோழி, வாய்க்காலுக்குத் தெற்கேயிருந்த அந்தப் பெண்ணின் பெயரையும் அப்படித்தான் தினம் கூப்பிட்டார். தோழி என்று இப்போது சொல்கிறேன். ஐந்தாவதில் நான் முன்வரிசை, அவள் கடைசி வரிசை. பதினாறாம் வாய்ப்பாடு வரை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குப் பன்னிரண்டிலேயே நாக்கு குழறும்.

ஒருநாள் தாளாளர் பள்ளியைப் பார்வையிட வருவதாகத் தகவல். டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"உன்கூட அஞ்சாவது படிச்சாளே, அவ பேரைக் கூப்பிட்டா நீ எழுந்து உள்ளேன் அம்மான்னு சொல்லு. இன்னிக்கி மட்டும் இல்ல, தெனமும் சொல்லு. உனக்கும் ஒரு எடமாச்சு. வருஷக் கடைசி வரைக்கும் இப்படியே ஓடிடும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு அவள் பெயர் வந்தபோது துள்ளி எழுந்து சொன்னேன். அந்த ஓட்டுக் கூரை அதிர்ந்திருக்கும். நான்கு நாள் சொன்னேன். ஐந்தாம் நாள் பெருமை பொறுக்காமல் வீட்டில் சொல்லிவிட்டேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்தார். அவர் என்னை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்துவிடுவார் என்று பயந்தேன்.

"அடுத்தவன் பேருல உழுதது நான் ஒருத்தன் போதும். நீயும் அடுத்தவ பேருல படிப்பியா? பாஸ் பண்ணா யாரு பாஸு? உம்பேரு ஏறணும். இல்லேன்னா படிக்கவே வேண்டாம்."

இன்றைக்கும் அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு அப்பாமேல் மதிப்பு வருகிறது. அதற்கு அடுத்து அவர் கேட்டதை நினைத்தால் அந்த மதிப்பு தடுமாறுகிறது. கோபம் தணிந்து, தண்ணீர் குடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் மெதுவாகக் கேட்டார்: "அவ மாதிரி வராத பேரு எத்தனை இருக்கு?"

எண்ணிச் சொன்னேன். பதிவேட்டில் நாற்பது. தரையில் உட்காருவது என்னைத் தவிர்த்து முப்பத்தொன்று.

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பண்ணையார் உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்பிக்கத் தன் நிலத்தை வண்டிக்காரன் பெயரில், சமையற்காரன் பெயரில், செத்துப்போன கணக்குப்பிள்ளை பெயரில் எழுதி வைத்திருந்தார். ஊருக்கே தெரியும். "பினாமி. பள்ளிக்கூடத்துலயும் பினாமி வச்சிருக்கான்" என்றார். இடம் இல்லை என்றது பொய். ஒன்பது இடம் ஆள் இல்லாமல் கிடக்கிறது. நிலத்தில் நிரூபிக்க முடியாததை இங்கே நிரூபித்துவிடலாம்.

மறுநாளே புங்கமரத்தடிக்குப் போனோம். பெயர்கள் எனக்குத்தான் மனப்பாடம். எழுதுபவர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து என்னையே எழுதச் சொன்னார். ஒன்பது பெயரையும் குண்டு குண்டாக, வரிசை எண் போட்டு, தகப்பன் பெயரோடு எழுதினேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று அவர் பாராட்டினார். மூன்றாவது பெயர் அவளுடையது.

"ஒம்பதும் பொய்ன்னா ஒண்ணுக்காவது சாட்சி வேணுமே" என்றார் எழுதுபவர்.

அப்பா அந்த மூன்றாவது பெயரில் விரலை வைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதுபவர் எழுதினார். 'மேற்படி மூன்றாம் எண் சிறுமி பள்ளிக்கு ஒருநாளும் வந்தவள் அல்ல என்பதற்கும், மேற்படி சிறுமி குறுவை நடவு முதல் மனுதாரரின் சாகுபடி நிலத்தில் அரை ஆள் கூலிக்கு நடவு நட்டு வருகிறாள் என்பதற்கும் மனுதாரரே நேரடி சாட்சி. தேவைப்பட்டால் மேற்படி சிறுமியை வயலிலேயே அதிகாரிகள் நேரில் காணலாம்.'

இதைச் சொல்லும்போது அப்பாவின் குரலில் ஒரு தடுக்கல்கூட இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. நாங்கள் ஜெயிக்கப் போகிறோம் என்பது மட்டும்தான் இருவர் மனசிலும் இருந்தது. வரும் வழியில் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு இடம் கேட்ட மனுவுக்கு மூன்று மாதமாகப் பதில் இல்லை. அடுத்தவர் பெயரை அடிக்கச் சொன்ன மனுவுக்கு ஒன்பதாம் நாள் ஜீப் வந்தது. பின்னால் நானே அரசாங்க உத்தியோகத்துக்குப் போய், மனுக்களை வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்தபோது இதன் காரணம் புரிந்தது. ஒன்றைக் கொடுப்பதற்கு விதி வேண்டும். எடுப்பதற்குக் கையெழுத்துப் போதும்.

வந்த அதிகாரி வகுப்பில் நுழைந்து தலைகளை எண்ணினார். முப்பத்திரண்டு. பதிவேட்டைப் புரட்டினார். நாற்பது. "இதுல எந்தப் பொண்ணு பேரு இல்லாதவ?" என்று கேட்டார். நான் எழுந்தேன். தலைமை ஆசிரியை அழுதுவிட்டார். பண்ணையார் வந்து அதிகாரிக்கு இளநீர் வெட்டச் சொல்லி, எல்லாம் குமாஸ்தாவின் கவனக்குறைவு என்றார். அதிகாரியும் இளநீரைக் குடித்துவிட்டு அப்படித்தான் இருக்கும் என்றார். பண்ணையாருக்கு ஒரு நகம்கூடப் பெயரவில்லை. ஒன்பது பெயர்களைச் சிவப்பு மையால் அடித்தார்கள். அவர்களுடைய டி.சி.க்களை விசாரணைக்கு என்று கட்டி ஜீப்பில் எடுத்துப் போனார்கள். அன்றைக்கே என் பெயர் ஏறியது. என் டி.சி.யை அப்பா கடைசியில் கொடுத்தார், ரசீது வாங்கிக்கொண்டு.

மறுநாள் காலை முதன்முறையாக என் பெயரை டீச்சர் கூப்பிட்டார். எழுந்து 'உள்ளேன் அம்மா' என்றேன். குரல் மெல்லத்தான் வந்தது.

அந்த வாரம் எங்கள் வயலில் சம்பா நடவு. ஞாயிற்றுக்கிழமை; நடவுக்காரர்களுக்கு நானும் அம்மாவும் கஞ்சி எடுத்துப் போனோம். வரப்பில் அப்பா நின்றிருந்தார். அந்த மூன்றாவது பெயர்க்காரியின் அம்மா சேற்றிலிருந்து ஏறி வந்து அவர் எதிரே நின்றாள். சங்கம் வந்த பிறகு நடவுக்காரர்கள் அப்பாவை 'ஐயா' என்பதை விட்டு 'ஏங்க' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பண்ணையாரிடம் சமமாக நிற்க ஆசைப்பட்ட அப்பாவுக்கு அது உள்ளூரப் பிடிக்காது.

"ஏங்க, எம்புள்ள பேர அடிச்சுட்டாங்களாம். நீங்க எழுதிக் குடுத்ததாலன்னு சொல்றாங்க."

"வராத புள்ளைக்குப் பேரு எதுக்கு?" என்றார் அப்பா.

"இந்த நடவு முடிஞ்சதும் அனுப்புறதா இருந்தேங்க. டீச்சரம்மாகிட்ட மொதல்லயே சொல்லி வச்சிருந்தேன். பேரு இருக்கட்டும், எப்ப வந்தாலும் எடம் இருக்குன்னாங்க. அத நம்பித்தான் இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"ஆள் பத்தல, அவளையும் அழைச்சுக்கிட்டு வான்னு சொன்னது நீங்கதானுங்களே."

அப்பா வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டார். வாய்க்காலைப் பார்த்தார். பிறகு, தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னார். "ஒரு மனு எழுதுவோம். நான் எழுதித் தர்றேன்."

"என்னத்த வச்சு எழுதறது? காகிதத்தத்தான் குடுத்துட்டேனே. கேட்டா ஜீப்புல போயிருச்சுங்கறாங்க."

அசலைக் கையைவிட்டுக் கொடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தது அவ்வளவு சரி. அவள் மறுபடி சேற்றில் இறங்கிவிட்டாள். அந்த மூன்றாவது மனுவை அப்பா எழுதவே இல்லை. இரண்டு தடவை எழுத வேண்டும் என்று சொன்னார். பிறகு நிலத்து வழக்கில் வாய்தா வந்துவிட்டது. நிலத்தில் அவர் பெயர் ஏற இன்னும் சில வருஷம் ஆயிற்று. ஏறிய அன்று அவர் குழந்தை மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன், முழு மனசோடு இல்லை.

அன்று கஞ்சிக்குக் கரையேறியவர்களோடு அவளுடைய மகளும் வந்தாள். முழங்கால் வரை சேறு. என்னைவிட ஒல்லியாக, என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். கஞ்சியை வாங்கிக்கொண்டு, குடிக்காமல் என் பக்கத்தில் நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்துக் கையிலிருந்த அகப்பையை இறுக்கிப் பிடித்தேன்.

"தெனமும் எம்பேரக் கூப்புட்டாங்களாமே" என்றாள்.

"ஆமா."

"மொதப் பேரா, கடைசியா?"

"நடுவுல. பதினேழாவது."

அவள் உதட்டுக்குள் பதினேழு வரை எண்ணிப் பார்த்தாள். "யாரு உள்ளேன்னு சொன்னது?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருமில்லை என்று சொல்லியிருந்தால் அதில் பாதிக்கு மேல் உண்மைதான். சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. "நாலு நாள் நான் சொன்னேன்" என்றேன்.

அவள் கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நல்லா சத்தமா சொன்னியா?"